மரம் வச்சவனும் தண்ணி ஊத்தினவனும்

1

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் குடும்பத்தையும் பெண்ணுடலையும் பற்றிப் பேசும்போது, "நம் வீட்டுப் பெண்கள் போன்சாய் மரங்கள்" என்று சொன்னேன். வேரை நறுக்கி, கிளையைக் கம்பியால் கட்டி, தட்டில் வைத்து அழகு பார்க்கிறோம் என்று விரித்தும் பேசினேன். நல்ல கைதட்டல். அதுவரைக்கும் நான் ஒரு போன்சாய் மரத்தைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. படத்தில் பார்த்ததோடு சரி. கைதட்டியவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். தெரியாத ஒன்றை வைத்துத் தெரிந்த ஒன்றை விளக்குவது நம் மேடைகளுக்குப் பழகிப்போன காரியம்.

அந்தப் படிமத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது கோட்பாட்டு வாசிப்பு மூலமாக அல்ல. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடிக் கைப்பிடிச் சுவரில், பறவை எச்சம் விழுந்த விரிசலில், ஒரு ஆலங்கன்று முளைத்திருந்தது. வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்தார். "ஆசிட் ஊத்திட்டா போதுங்க, வேரோட கருகிப்போகும்" என்றார் கொத்தனார். எனக்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் பொறுக்கச் சொன்னேன். மறுநாள் அவரே உளி வைத்துப் பூச்சைத் தட்டி, கன்றைச் சேதமில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கையெல்லாம் ஆலம்பால் பிசுபிசுத்தது. வைப்பதற்கு நிலம் கிடையாது. ஒரு மண் தட்டில் வைத்தேன். நான் போன்சாய்க்காரன் ஆனது இப்படித்தான். கலையார்வம் எதுவும் இல்லை, இடமில்லாததுதான் காரணம்.

2

போன்சாய் குள்ளச் சாதி மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. விதை அதே விதைதான். என் தட்டில் நிற்கிற ஆல், ஒரு ஏரிக்கரையில் விழுந்து முளைத்திருந்தால் விழுதுவிட்டு ஊருக்கே நிழல் தந்திருக்கும். இப்போது எடுத்து நிலத்தில் நட்டாலும் தரும். சிறுமை அதன் பிறப்பில் இல்லை. அதை வைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. பிறப்பால் தாழ்வு என்று சொல்லிச் சொல்லியே ஒரு சமூகத்தை நடத்திவரும் நமக்கு இது அவ்வளவு எளிதில் புரிவதில்லை.

அந்த ஏற்பாடு வேலை செய்யும் விதத்தைக் கைப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தட்டு இரண்டு மூன்று அங்குல ஆழம். வெறும் களிமண் உதவாது, தண்ணீர் தேங்கி வேர் அழுகும். செங்கலை இடித்துச் சலித்து, ஆத்து மணலும் மக்கின தொழு உரமும் கலக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றிக் கிடக்கும் வேரைக் குச்சியால் கோதி, மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டு, புது மண்ணில் வைக்க வேண்டும். நறுக்கினால் செத்துப்போகும் என்றுதான் பயந்தேன். நடந்தது வேறு. நறுக்கின இடத்திலிருந்து மெல்லிய சல்லிவேர்கள் கிளம்பின. நறுக்காமல் விட்டால்தான் வேர் தட்டு முழுக்க அடைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்க வழியில்லாமல் மரம் சாகும். கிளையின் நுனியைக் கிள்ளினால் பக்கமொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்கிற பொருள் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அடங்கிக் கிடந்தவை எழுகின்றன. அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கிளையை வளைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் ஆல் பருக்கிற வேகத்துக்கு, நாள் தப்பினால் கம்பி பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும்.

இத்தனையும் வருஷத்தில் சில நாள் வேலை. மிச்ச நாளெல்லாம் இருப்பது ஒரே வேலை, தண்ணி ஊத்துவது. சித்திரை வெயிலில் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்தபோது இலைகளில் பாதி தரையில் கிடந்தன.

என் மேடைப்பேச்சு அங்கேதான் உடைந்தது. அதிகாரம் கத்தரியில் இருக்கிறது என்று பேசியிருந்தேன். கத்தரி போட்ட காயம் ஆறிவிடுகிறது. ஆறாமல் இருப்பது வேறொன்று. தன் வேரைக்கொண்டு தானே நீர் தேடிப்போகும் வாய்ப்பு அந்த மரத்துக்கு இல்லை. நிலத்தில் நிற்கும் மரம் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. தட்டில் நிற்பதற்கோ நாளைக் காலையில் யாராவது வருவார்களா என்பதுதான் வாழ்வே. ஆக, இங்கு அதிகாரம் தண்டனையின் உருவத்தில் வருவதில்லை. குவளைத் தண்ணீராக, அக்கறையாக, தினசரிக் கவனிப்பாக வருகிறது. "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று வழியற்றவர்களுக்கு ஆறுதல் சொல்கிறோம். காட்டில் வச்சவனும் இல்லை, ஊத்துகிறவனும் இல்லை. மரம் பாட்டுக்கு நிற்கிறது. அந்தப் பழமொழி உண்மையாவது தொட்டிக்குள் மட்டும்தான்.

இந்தக் கண்டுபிடிப்பை என் துணைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "கம்பி கட்டுறது நீங்க. வெட்டுறது நீங்க. வர்றவங்ககிட்ட 'என் மரம்'னு காட்டுறதும் நீங்க. மாசத்துல பாதி நாள் கூட்டம் கூட்டம்னு வெளியூர் போயிடுறீங்க. தண்ணி யாரு ஊத்துறாங்கன்னு நினைச்சீங்க?"

பதில் இல்லை. பழமொழியில் வச்சவனும் ஊத்துகிறவனும் ஒரே ஆள். எங்கள் வீட்டில் இரண்டு ஆட்கள். பெண்களைப் போன்சாய் என்று மேடையில் பேசிய ஆளின் வீட்டில்! இந்த இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டுதான் போன்சாயின் வரலாற்றுக்குள் போனேன்.

3

நம்ம ஊரில் இதைப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படுவது, 'வாமன விருட்சக் கலை' என்ற பெயரில் இது ஆதியில் இந்தியாவில் தோன்றி, பௌத்தத் துறவிகளோடு சீனம் போனது என்கிற கதை. எல்லாம் இங்கிருந்தே போனது என்கிற பெருங்கதையாடலின் ஒரு சின்னக் கிளை. சான்று எதுவும் காட்டப்படுவதில்லை. பெயரையாவது யோசித்து வைத்திருக்கலாம். வாமனன் குள்ளனாக வந்து மூன்றடி மண் கேட்டு, மாவலியைத் தலையில் மிதித்து அழுத்தியவன். தட்டில் நிற்கும் மரம் யாரையும் மிதிக்கவில்லை. அதற்கு மூன்றடி மண்கூடக் கிடைக்கவில்லை.

கிடைக்கிற பழைய சான்று சீனாவில் இருக்கிறது. தாங் அரச வம்சத்து இளவரசன் லி ஷியான் தன் தாய் வூ ஜெடியானின் ஆட்சியில் நாடு கடத்தப்பட்டு, 684இல் தற்கொலை செய்துகொள்ளும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவன். 706இல் அவன் உடலைக் கொண்டுவந்து அரச மரியாதையோடு மறுபடி புதைத்தார்கள். 1971-72இல் தோண்டப்பட்ட அந்தக் கல்லறையின் சுவரோவியங்களில், கற்களும் சின்னஞ்சிறு செடிகளும் வைத்த தட்டு ஒன்று இருக்கிறது. சீனர்கள் பென்ஜிங் என்று சொல்லும் கலையின் முதல் காட்சிச் சான்றாக இதைத்தான் காட்டுகிறார்கள். கலை வரலாற்றாசிரியர்கள் தட்டைப் பார்க்கிறார்கள். நான் அதைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தேன். தட்டைச் சுமந்து நிற்பவர் அரண்மனைப் பணியாள். இளவரசனுக்குப் பெயர், பட்டம், கல்லறை எல்லாம் உண்டு. சுமந்தவருக்குப் பெயர் கிடையாது. போன்சாயின் முதல் படமே ஒரு வேலையாளின் படம்தான் என்பதை எந்தப் போன்சாய்ப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

4

ஜப்பானுக்கு இது சீனத்திலிருந்து போனது. 1309ஐச் சேர்ந்த 'கசுகா கோன்கென் கெங்கி' என்ற ஓவியச் சுருளில் தட்டில் வளர்ந்த மரங்களைக் காணலாம். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் கலையின் மேலான முதல் வெறுப்பும் பதிவாகிவிடுகிறது. யோஷிதா கென்கோ என்ற துறவி 1330 வாக்கில் எழுதிய 'சுரேசுரேகுசா'வில் ஹினோ சுகெடோமோ என்ற பிரபுவைப் பற்றிய சம்பவம் ஒன்று வருகிறது. கியோத்தோவில் தோஜி கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்குகிறார். அங்கே கை கால் வளைந்த பிச்சைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். முதலில் அவர்களைப் புதுமையாகப் பார்த்து ரசிக்கிறார். சற்று நேரத்தில் ரசனை போய் அருவருப்பு வருகிறது. வீட்டுக்குப் போனதும், தான் ஆசையாய் வளர்த்த வளைந்த செடிகளும் அந்த மனிதர்களைப் போலவே தெரிய, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுகிறார்.

இதைப் போன்சாய்க்கு எதிரான குரல் என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் மகிழ்ந்தேன். திரும்பப் படித்தபோது கூச்சமாக இருந்தது. சுகெடோமோ மரங்களுக்காக இரங்கவில்லை. மழையில் ஒதுங்கிய அந்த மனிதர்களுக்காகவும் இரங்கவில்லை. அவர் செய்தது, மனித உடல்களை 'கோணல்' என்று தரம் பிரித்து, அந்தத் தரத்தை மரத்தின் மேல் ஏற்றியதுதான். செடி போயிற்று, பிச்சைக்காரர்கள் கோயில் வாசலிலேயே இருந்தார்கள். இத்தனைக்கும் அவர் சாதாரண ஆளில்லை, காமகுரா ராணுவ ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததற்காகச் சாடோ தீவுக்குக் கடத்தப்பட்டு 1332இல் கொல்லப்பட்ட கலகக்காரர். கலகம் செய்கிறவர்களின் ரசனையும் ஆதிக்கத்தின் ரசனையாக இருக்க முடியும். என் மேடைப் பேச்சிலும் இதே கோளாறு இருந்தது. அதில் 'முடம்', 'ஊனம்' என்ற சொற்களை வசவாகத்தான் பயன்படுத்தியிருந்தேன். மாற்றுத்திறனாளிகளின் உடலைக் கேவலத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்டு பெண்ணுக்கு விடுதலை பேசியிருக்கிறேன்.

'ஹாச்சி நோ கி' என்றொரு நோ நாடகம் உண்டு. 'தொட்டி மரங்கள்' என்று அர்த்தம். நிலத்தை உறவினர்களிடம் பறிகொடுத்து வறுமையில் வாடும் சாமுராய் சானோ சுனெயோ, பனியிரவில் வந்த துறவிக்குக் குளிர்காயக் கொடுப்பதற்காகத் தன்னிடம் மிஞ்சியிருந்த மூன்று தொட்டி மரங்களை வெட்டி எரிக்கிறான். பிளம், செர்ரி, பைன். வந்த துறவியோ மாறுவேடத்திலிருந்த முன்னாள் ஆட்சியாளர் ஹோஜோ டோக்கியோரி. பிற்பாடு படைக்கு அழைப்பு வந்ததும் மெலிந்த குதிரையில் முதலில் வந்து நிற்கிறான் சுனெயோ. பரிசாக அவன் நிலம் திரும்பக் கிடைக்கிறது. கூடவே பிளம், செர்ரி, பைன் என்ற சொற்கள் தம் பெயரில் அமைந்த மூன்று ஊர்களும் கிடைக்கின்றன. மூன்று மரத்துக்கு மூன்று ஊர்! தியாகம் என்று தொடங்கும் கதை பட்டாவில் முடிகிறது. அந்த மூன்று ஊர்களிலும் உழுது, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் கைமாறியது பற்றி நாடகத்தில் பேச்சில்லை.

5

நான் தேடியதற்கு மிக அருகில் வந்தது ஒரு சீனக் கட்டுரை. கோங் ஜிஜென் (1792-1841) அபினி யுத்தம் தொடங்கிய 1839இல் எழுதியது. 'நோயுற்ற பிளம் மரங்களின் இல்லம்' என்று தலைப்பைச் சொல்லலாம். அளவில் மிகச் சின்னது. சீனப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது.

அவர் சொல்வதன் சாரம் இது. பிளம் மரம் வளைந்திருந்தால் அழகு, நேராக நின்றால் அழகில்லை. கிளை அடர்ந்தால் அழகில்லை, சிதறியிருந்தால் அழகு. கற்றோரும் ஓவியர்களும் மனசுக்குள் வைத்திருக்கும் ரசனை இது. இதை அவர்கள் பகிரங்கமாக உத்தரவு போடுவதில்லை. யாரோ ஒருவர் போய் மரம் விற்பவர்களிடம் அந்த ரகசியத்தைச் சொல்கிறார். நல்ல விலை கிடைக்கும் என்பதால் விற்பவர்கள் நேரான தண்டை வெட்டி, பக்கக் கிளையை வளர்த்து, அடர்த்தியைக் கழித்து, குருத்தைக் கொன்று விடுகிறார்கள். அந்த வட்டாரத்துப் பிளம் மரங்களெல்லாம் நோயாளிகள் ஆகிவிட்டன.

சிங் பேரரசு அறிவாளிகளை எப்படி வளைத்து வைத்திருந்தது என்பதற்கான உருவகம் இது என்று வாசிப்பதுதான் வழக்கம். அது சரியான வாசிப்புதான். ஆனால் உருவகத்துக்கு அவசரமாகத் தாவினால் நடுவில் இருக்கும் விஷயம் போய்விடும். ரசனை, தரகு, விலை, கத்தரி என்று ஒரு சங்கிலியை அவர் காட்டுகிறார். கத்தரி பிடித்தவன் ரசனையை உண்டாக்கியவன் அல்ல, ரசனை உள்ளவன் கத்தரியைத் தொடுவதே இல்லை. யாரும் உத்தரவு போடாமலேயே ஒரு வட்டாரம் முழுக்க மரங்கள் கோணிப்போகின்றன. கருத்தியல் எப்படிச் செயல்படுகிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் சில வரிகளில் சொல்லிவிட்டார்.

கோங் அதோடு நிற்கவில்லை. 300 தொட்டிகளை வாங்கினார். அத்தனையும் நோயாளிகள். மூன்று நாள் அழுதார். பிறகு தொட்டிகளை உடைத்து, கட்டியிருந்த பனைநார்க் கயிறுகளை அவிழ்த்து, மரங்களை நிலத்தில் நட்டார். ஐந்து வருஷத்துக்குள் குணப்படுத்திவிடுவது என்று கெடு வைத்துக்கொண்டார். முடிக்கும்போது அவர் ஏங்குவது இரண்டுக்காக: நிறைய ஓய்வு நேரம், நிறைய வெற்று நிலம். இருந்தால் நாங்கிங், ஹாங்ஜோ, சூஜோ ஊர்களின் நோயுற்ற பிளம் மரங்களையெல்லாம் கொண்டுவந்து வைத்துக்கொள்வாராம்.

அந்தக் கடைசி ஆசையை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். தொட்டியை உடைப்பது ஒரு நிமிஷ வேலை. உடைத்த பிறகு நிலம் வேண்டும். நிலமில்லாமல் உடைத்தால் மரம் வெயிலில் செத்துப்போகும், உடைத்தவருக்குப் புரட்சிக்காரர் என்ற பெயர் மிஞ்சும். நம்முடைய எத்தனையோ கட்டுடைப்புகள் தொட்டியோடு நின்றுவிட்டவை. அப்புறம் இன்னொரு கேள்வி. 300 மரத்துக்கும் அந்த ஐந்து வருஷம் யார் தண்ணி ஊத்தினார்கள்? கோங்கும் சொல்லவில்லை.

6

ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் உள்ள படங்களில் ஒன்று, கோணலாக வளர்ந்த இளமரத்தை நேரான கம்பத்தோடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருப்பது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலஸ் ஆந்த்ரியின் படம் அது. குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்தும் வழிகளைப் பற்றி 1741இல் நூல் எழுதியவர். 'நேர்', 'குழந்தை' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய பெயர்தான் இன்றைய ஆர்த்தோபீடிக்ஸ். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம் நாம். அங்கே கோணலை நேராக்குகிறார்கள். சீனத் தோட்டத்தில் நேரானதைக் கோணலாக்குகிறார்கள். கயிறு ஒன்றுதான். எனவே 'இயற்கையான வடிவம் எது' என்று சண்டை போடுவதில் பயனில்லை. கயிறு யார் கையில், அவிழ்க்கிற நாளை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி.

நவீன ஜப்பானில் அந்தக் கைகள் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகின்றன. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி பூகம்பத்தில் டோக்கியோ எரிந்தது. அங்கிருந்த போன்சாய்த் தொழிலாளர்களும் தோட்டக்காரர்களும் வடக்கே ஒமியாவில் காட்டு நிலத்தைத் திருத்திக் குடியேற, 1925இல் போன்சாய்க் கிராமம் உருவானது. குடியிருப்பவர்கள் தமக்குள் விதிகள் வைத்துக்கொண்டார்கள்: ஆளுக்குக் குறைந்தது பத்துத் தொட்டி வேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலி. பிரபுக்களின் அலங்காரத் தட்டை வளர்த்தவர்கள் தமக்கென்று ஊர் அமைத்தபோது மதிலை வேண்டாம் என்றார்கள். அதேசமயம் இந்தத் தொழிலின் குருகுலம் கடுமையானது. சீடன் ஆசானிடம் குறைந்தது ஐந்து வருஷம் கிடக்க வேண்டும். தண்ணி ஊத்தக் கற்கவே மூன்று வருஷம் என்று சொல்வழக்கு. நம் பட்டறைகளில் எடுபிடிப் பையன்கள் கிடந்த கிடை நினைவுக்கு வராமல் இல்லை.

ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாகியின் பைன் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1625 முதல் தொட்டியில் பயிற்றப்பட்டு வந்த மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த மையத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் அவருடைய நாற்றங்கால். வீட்டுச் சன்னல் கண்ணாடி சிதறிக் குடும்பத்தாரைக் கிழித்தது. சுற்றுச்சுவர் மரத்தைக் காப்பாற்றியது. 1976இல் அமெரிக்கா தன் 200ஆம் சுதந்திர ஆண்டைக் கொண்டாடியபோது ஜப்பானிலிருந்து 53 போன்சாய்கள் பரிசாகப் போயின. அவற்றில் யமாகி கொடுத்த இந்த மரமும் ஒன்று. வாஷிங்டனில் நட்பின் சின்னமாக வைத்து, யாரோ சிலர் தினமும் தண்ணீர் விட்டு வந்தார்கள். அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. 2001இல் யமாகியின் பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்கப் போய்ச் சொன்னபோதுதான் தெரிந்தது. கால் நூற்றாண்டாக அந்த வரலாறு பரிசு என்ற சொல்லுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

குண்டு போட்ட நாட்டுக்கு அவர் ஏன் கொடுத்தார் என்று வியாக்கியானம் செய்ய எனக்கு உரிமையில்லை. நான் கணக்குப் போட்டது வேறு. 1625 முதல் 2001 வரை 376 வருஷம். அந்த மரத்தால் வாரக்கணக்கில் தாகம் தாங்க முடியாது. அப்படியென்றால் பஞ்சத்திலும் போரிலும், குண்டு விழுந்த மறுவாரத்திலும், யாரோ ஒருவர் குவளையோடு வந்திருக்கிறார். அவர்களில் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர், சீடர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சங்கிலி ஒரு இடத்தில் அறுந்திருந்தாலும் மரம் இன்றைக்கு இல்லை. வச்சவரின் பெயரில் நிற்கிற எல்லாமே இப்படித்தான் நிற்கிறது, நம் இயக்கங்களும் பத்திரிகைகளும் உட்பட. தலையங்கம் எழுதியவர் பெயர் இருக்கிறது. நள்ளிரவில் வந்த தோழர்களுக்குச் சோறு வடித்தவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

7

இப்போது மேடையில் போன்சாய் உவமையைச் சொல்வதில்லை. பெண்கள் மரமில்லை என்பது முதல் காரணம். தண்ணி ஊத்துகிறவர்களைத் தொட்டியில் நிற்கும் மரம் என்று சொன்னால், அவர்கள் செய்யும் வேலையையும் சேர்த்து மறைக்கிறோம் என்பது இரண்டாவது.

வீட்டில் முறை போட்டுக்கொண்டோம். ஊரிலிருக்கும் நாளில் காலைத் தண்ணி என் பொறுப்பு. பல நாள் தவறியிருக்கிறேன். துணைவி சொல்லிக்காட்டுவதில்லை, வாளியைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்.

போன ஐப்பசியில் தட்டை நகர்த்தியபோது வரவில்லை. குனிந்து பார்த்தால், அடி ஓட்டை வழியாக வேர் இறங்கி, மாடித் தளத்தின் விரிசலுக்குள் புகுந்திருந்தது. சுவரில் முளைத்தது மறுபடி கட்டடத்துக்குள் வழி தேடியிருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் முதலில் போவது மரம், அடுத்தது நாங்கள். "எங்கயாவது நிலத்துல வச்சிரலாமே" என்றார் துணைவி. எங்களுக்கு ஏது நிலம்? ஏரிக்கரையில் வைக்கலாம் என்று போய்ப் பார்த்தோம். கரையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டிருந்தார்கள்.

திரும்பி வந்து வேரை அறுத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பால் வடிந்தது. மண்ணைப் பூசி அடைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணி கொண்டுவந்தேன். அன்றைக்கு என் முறை.